சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை: கொழும்பில் காதைக் கவனிக்கும் வழி

அம்மா கரவெட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு எங்களோடு வந்து சேர்ந்தபோது அவருக்கு 72 வயது. கடைக்காரர் ஏதாவது கேட்டால் பதில் வராது. ஓட்டோக்காரரிடம் வாய் திறக்க மாட்டார். எதிர் வீட்டுச் சிங்களப் பெண் படியில் கண்டு பேச்சுக் கொடுத்தால், ஒரு சிரிப்போடு உள்ளே வந்துவிடுவார். "பாவம், சிங்களம் தெரியாது" என்று நாங்களே தீர்ப்பெழுதிவிட்டோம். ஒன்றரை வருடம் அப்படியே போனது. ஒரு நாள் குசினியில் நின்றபடி, தமிழில்தான், "அந்தத் தட்டை எடுத்து வாருங்கள் அம்மா" என்றேன். அவர் கொடியடிக்குப் போய் மகனின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பெற்றோரைக் கொழும்புக்கு அழைத்து வைத்திருக்கும் பல வீடுகளில் காதின் குறை மொழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நான் வைத்தியர் இல்லை. அம்மாவின் காதுக்காக நாலு வருடம் அலைந்த மகள். புதிதாக இந்த வழியில் இறங்குகிறவர்கள் நான் சுற்றிய சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில், காதை நோண்டாதீர்கள்

குறும்பி அழுக்கு இல்லை. காதுக் குழாயின் வெளிப்பக்கத்து மூன்றிலொரு பங்குத் தோலில் ஊறும் காப்பு அது. குழாயின் தோல் உள்ளிருந்து வெளியே நகர்ந்துகொண்டே வளர்கிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைய, குறும்பி தானாக வாசலுக்கு வருகிறது. வளர்ந்தவரின் காதுக் குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளந்தான். அதற்குள் பஞ்சுக்குச்சியை விட்டால், வந்துகொண்டிருந்த குறும்பியைச் செவிப்பறை வரை இடித்து அடைக்கிறோம். தீக்குச்சி, சேலைக்குக் குத்தும் ஊசி, மோட்டார் சைக்கிள் திறப்பு என்று நம்மவர்கள் காதுக்குள் விடாத பொருள் இல்லை. குளித்த பிறகு துவாயின் நுனியால் வெளிக்காதைத் துடைத்தால் போதும்.

குறும்பி இறுகிவிட்டால் பாமசியில் அதை இளக்கும் சொட்டு மருந்து இருக்கிறது. ஒலிவ் எண்ணெயும் உதவும். மூன்று முதல் ஐந்து நாள் விட்டு, பிறகு வைத்தியரிடம் போய்க் கழுவியோ உறிஞ்சியோ எடுக்கலாம். சொட்டு விட்ட முதல் இரண்டு நாளில் குறும்பி ஊறிப் பருத்து, காது இன்னும் அடைத்தது போல இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காதிலிருந்து நீர் வடிந்தாலோ, முன்பு காதில் சத்திரசிகிச்சை நடந்திருந்தாலோ எண்ணெயும் கூடாது, சொட்டும் கூடாது. சனி முழுக்குக்கு நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிக் காதில் இரண்டு சொட்டு விடும் பழக்கத்தையும் இந்த நிபந்தனையோடு பாருங்கள். உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடு ஆறாமல் ஊற்றித் தோல் வெந்தவர்களை நான் கிளினிக் வாங்கிலேயே பார்த்திருக்கிறேன்.

கொழும்பின் புழுக்கம் தனிக் கதை. ஈரம் தங்கும் காதில் பூஞ்சை பிடிக்கும். முதலில் விடாத அரிப்பு, பிறகு அடைப்பு, வைத்தியர் விளக்கடித்துப் பார்த்தால் நனைந்த கடதாசி போல வெள்ளையாகவோ, கரும்புள்ளியாகவோ தெரியும். வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் சொட்டை விட்டுக்கொண்டே இருந்தால் பூஞ்சைக்கு அது கொண்டாட்டம். அரிப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் காட்டிவிடுங்கள்.

பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நேரங்கள்

காலையில் எழும்பும்போது ஒரு காது கேட்கவில்லை, வலியும் இல்லை என்றால், "சளி அடைத்திருக்கும்" என்று வாரக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். மூன்று நாளுக்குள் திடீரென விழும் கேள்திறன், உள்காதோ நரம்போ அடிபட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்குக் கொடுக்கும் ஸ்டீரோய்ட் மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு. எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. அன்றைக்கே போங்கள்.

காது வடிந்து, காதின் பின்னால் வீங்கி, காய்ச்சலும் வந்தால். காதுக் குறையோடு முகம் ஒரு பக்கம் கோணினால். விழுந்து தலையில் அடிபட்டுக் காதில் இரத்தம் வந்தால், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. வண்டி இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். குழந்தை பொத்தான் பற்றரியைக் காதிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் தண்ணீரோ சொட்டோ விடாமல் ஓடுங்கள். சில மணி நேரத்திலேயே அது தசையை அரித்துவிடும். பூச்சி புகுந்து காதுக்குள் படபடத்தால் மட்டும், செவிப்பறை நன்றாக இருப்பவருக்குச் சில சொட்டு எண்ணெய் விட்டு அதைச் சாகடித்துவிட்டு வைத்தியரிடம் போகலாம்.

காதா, மொழியா?

வயதால் வரும் கேள்குறை மேல் சுருதி ஒலிகளை முதலில் தின்கிறது. உயிரெழுத்துகள் கீழ்ச் சுருதியில், பலமாக ஒலிப்பவை; அவை கேட்கும். க், ச், த், ப் முதலியவை மெல்லிய, குறுகிய ஓசைகள், அவை உதிர்ந்துபோகும். கட்டை, சட்டை, தட்டை, பட்டை எல்லாம் ஒரே "அட்டை"யாகக் காதில் விழுகின்றன. அம்மா அடிக்கடி சொன்ன வாக்கியத்தைப் பிறகுதான் வைத்தியரின் வாயாலும் கேட்டேன்: "சத்தம் கேட்கிறது பிள்ளை, சொல்தான் விளங்கவில்லை." இதைச் சொல்லுகிற பெரியவரைச் சோதனைக்குக் கூட்டிப் போக வேறு சாட்சி தேவையில்லை.

வீட்டில் ஒரு சின்னப் பரீட்சை செய்யலாம். காற்றாடியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, அவர் பார்க்காத பக்கம் இரண்டு மீற்றர் தள்ளி நின்று, சாதாரணக் குரலில் தமிழில் பத்துச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு முகத்தைக் காட்டி அதேபோலப் பத்து. முகம் தெரியும்போது மட்டும் சரியாகச் சொன்னால், அவர் உதட்டைப் படித்துச் சமாளிக்கிறார். தொலைக்காட்சிச் சத்தம் ஏறிக்கொண்டே போவது, தொலைபேசியைப் பேரப்பிள்ளையிடம் நீட்டுவது, கோவிலில் கூட்டத்தை விட்டு ஒதுங்கி உட்காருவது ஆகியவையும் அதே கணக்கில் சேரும். கேள்குறையைக் கவனிக்காமல் விடுவதை மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய ஆபத்துகளில் ஒன்றாக 2020இலும் 2024இலும் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு அறிக்கைகள் பட்டியலிட்டன. "வயதுபோனால் அப்படித்தான்" என்று விட்டுவிடத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது, எந்த வரிசையில்

வரிசை முக்கியம்: முதலில் வைத்தியர், பிறகு கேட்டல் பரிசோதனை, கடைசியில் கருவி. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். நேரே ஒரு கடைக்குப் போனேன், பெயர் வேண்டாம். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்காமல் ஒரு கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். அம்மாவின் வலது காதில் குறும்பிக் கட்டை இருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கருவி அலுமாரி லாச்சியில் போய்ச் சேர்ந்தது.

அரசாங்க வைத்தியசாலைகளில் காசு இல்லை, காத்திருப்பு உண்டு. 1864இல் தொடங்கிய தேசிய வைத்தியசாலையைப் பழைய ஆட்கள் இன்னும் ஜெனரல் ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். கொட்டாஞ்சேனை, மருதானைப் பக்கத்தவர்களுக்கு அது கிட்ட. வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை. பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவுக்கோ குடும்ப வைத்தியரிடமோ போய், காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். விடியவே போய் இலக்கம் எடுப்பவர்களுக்குத்தான் மத்தியானச் சாப்பாடு வீட்டில். ஒரு கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, குடிக்கிற மருந்துகளின் பெயர்கள் மூன்றையும் பையில் வையுங்கள். மருந்துப் பட்டியலை மறக்க வேண்டாம்: ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளும், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் கேள்திறனைக் கெடுக்கக்கூடியவை. தனியாரில் சனல் செய்தால், அதாவது முன்பதிவு செய்து வைத்தியரைக் கண்டால், காத்திருப்புக் குறைவு. வைத்தியர் கட்டணத்தோடு வைத்தியசாலைக் கட்டணமும் சேரும் என்பதை முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்களம் வராதவர்களுக்கு இரண்டு வசனங்கள். "கன் எஹென்னே நே" என்றால் காது கேட்கவில்லை. "தெமள கதா கரன கெனெக் இன்னவாத?" என்றால் தமிழ் பேசுகிற யாராவது இருக்கிறார்களா. இரண்டாவதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அநேகமாக ஒரு தாதியோ பயிற்சி வைத்தியரோ அகப்படுவார். இலக்கம் கூப்பிடும் இடத்தில் வயதானவரைத் தனியே இருத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகவும் கூடாது. காது கேட்காதவர்களுக்கான கிளினிக்கில் பெயரைக் கூப்பிட்டுத்தான் உள்ளே எடுக்கிறார்கள். இதை யார் யோசித்தார்களோ!

சோதனை அறையில்

சத்தம் புகாத சின்ன அறை. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். "பீப்" என்று கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். அம்மா முதல் முறை நிச்சயமாகக் கேட்டதற்கு மட்டுமே அழுத்தினார். இருக்கிறதா இல்லையா என்ற மெல்லிய ஒலிகளை, பிழை விடக்கூடாது என்று விட்டுவிட்டார். பள்ளிக்கூடப் பரீட்சைப் பயம். எறும்பு ஊர்வது போலக் கேட்டாலும் அழுத்துங்கள் என்று தமிழில் முதலே சொல்லி அனுப்புங்கள்.

வரும் கடதாசிக்கு ஓடியோகிராம் என்று பெயர். இடமிருந்து வலமாகச் சுருதி, வழமையாக 250 முதல் 8000 ஹேட்ஸ் வரை. மேலிருந்து கீழாக ஒலியின் பலம், டெசிபலில். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி 20 டெசிபலுக்குள் கேட்டால் நல்ல காது. 20 முதல் 35 வரை இலேசான குறை. 35 முதல் 50 வரை நடுத்தரம். 65ஐத் தாண்டினால் கடுமை. காதின் பின் எலும்பில் அதிர்வுக் கட்டையை வைத்தும் சோதிப்பார்கள். எலும்பு வழி நன்றாகக் கேட்டு, காற்று வழி கேட்காவிட்டால் அடைப்பு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. குறும்பி, ஓட்டை, நீர் போன்ற இவற்றில் பலவற்றுக்கு மருந்தோ சத்திரசிகிச்சையோ உண்டு. இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் உள்காதின் மயிர்க்கலங்கள் தேய்ந்திருக்கலாம். அவை திரும்ப முளைப்பதில்லை, கருவிதான் வழி.

பீப் ஒலிக்கு மொழி இல்லை. அடுத்து வரும் சொல் சோதனைக்கு உண்டு. ஓரிடத்தில் அம்மாவுக்குச் சிங்களச் சொற்களை வாசித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தெரியாத மொழியின் சொல்லை அரைக் காதால் கேட்டு யார்தான் சரியாகச் சொல்வார்? மதிப்பெண் படுமோசமாக வந்தது. கருவி போட்டும் பெரிதாகப் பயனிராது என்று குறிப்பும் எழுதிவிட்டார்கள். வேறிடத்தில் தமிழ்ச் சொற்களோடு திரும்பச் செய்தபோது கதையே வேறு. சொல் சோதனை தமிழில் நடக்குமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். முடியாது என்றால் அந்தப் பகுதியைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிழையான மதிப்பெண்ணை விட மதிப்பெண் இல்லாதது மேல்.

கருவி வாங்கும்போது

"காதுக்கு மெஷின்" என்று நாம் சொல்வது பல வகை. காதின் பின்னால் உட்காருவது, மெல்லிய கம்பியோடு ஒலி தரும் பகுதி காதுக்குள் இறங்குவது, முழுவதும் காதுக்குள்ளேயே போவது. வெளியே தெரியாத சின்னதுதான் வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். கை நடுங்குகிற, கண் மங்கிய பெரியவரால் அந்தக் கடலையளவுப் பொருளுக்குப் பற்றரி மாற்ற முடியுமா என்பதை யோசித்துவிட்டுக் கேளுங்கள். குறை கடுமையானால் காதின் பின்னால் வைப்பதே தோது. இணையத்தில் மலிவாக விற்பவற்றில் பெரும்பாலானவை எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டும் பெருக்கிகள்; ஓடியோகிராமுக்கேற்ப ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே சரிசெய்வதுதான் கருவி.

காசைக் கொடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்: வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரீட்சித்துப் பார்க்க நாள் தருவார்களா, திரும்பத் திரும்ப வந்து சரிசெய்வது விலைக்குள் அடக்கமா, பழுது கொழும்பிலேயே பார்க்கப்படுமா, ஊருக்குப் போய் இருக்கும் மாதங்களில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ யாரிடம் காட்டுவது. இரண்டு காதும் குறைந்திருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காது வேண்டும், காலி வீதியைக் கடக்கிறவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. செலவைத் தாங்க முடியாதவர்கள் வைத்தியரின் சிபாரிசுக் கடிதத்தோடு தங்கள் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள். கிராம அலுவலரின் உறுதிக் கடிதமும் கேட்கப்படலாம்.

மின்னேற்றும் வகையா, பற்றரி வகையா? மின்னேற்றும் வகை கைக்கு இலகு. ஆனால் 2022இன் நீண்ட மின்வெட்டுகளை மறக்காதவள் நான். அம்மாவுக்குப் பற்றரி வகையே எடுத்தேன். அந்தப் பற்றரிகள் நிறத்தால் அறியப்படும்: 10 மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கும், பிறகு ஒட்டினாலும் நிற்காது. உரித்து ஒரு சில நிமிடம் காற்றாட விட்டுப் போடுங்கள். பழையதைக் குழந்தை கைக்கெட்டாமல் எறியுங்கள்.

முதல் வாரங்கள்

மூக்குக்கண்ணாடி போட்ட உடனே தெரிகிறது. காதுக் கருவி அப்படி இல்லை. பல வருடம் சத்தம் கேளாதிருந்த மூளைக்குத் தண்ணீர்க் குழாய், கரண்டி, சருகு போலச் சரசரக்கும் பிளாஸ்ரிக் பை எல்லாம் தாக்குதலாக இருக்கும். அம்மா முதல் நாள் அப்பளம் நொறுக்கிய சத்தத்துக்குக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். முதல் சில நாள் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும் பேசும்போது ஒரு மணி நேரம். பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டுங்கள். காலி வீதியும் கலியாண மண்டபமும் ஒரு மாதத்துக்குப் பிறகு போதும். எது உறைத்தது, எது விளங்கவில்லை என்று கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் நிபுணர் அதைப் பார்த்துச் சரிசெய்வார். கருவி விசிலடித்தால் பெரும்பாலும் அதன் காதுக்குள் போகும் பகுதி ஒழுங்காக உட்காரவில்லை, அல்லது குறும்பி சேர்ந்திருக்கிறது.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் புழுக்கத்தோடு உப்புக்காற்றும் எதிரி. குளிக்குமுன், எண்ணெய் தேய்க்குமுன், தலைமயிருக்கு எதையாவது பீய்ச்சுமுன் கழற்றுங்கள். இரவில் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மணிகளின் நிறம் மாறியதும் அவற்றையும் மாற்றுங்கள். நாங்கள் ஒரு பழைய ஊறுகாய்ப் போத்தலைத்தான் கழுவிக் காயவைத்து எடுத்தோம், மூன்று வருடமாக நன்றாக இருக்கிறது.

வீட்டார் பழக வேண்டியது

கருவி பாதி வேலைதான் செய்யும். குசினியிலிருந்து கத்தாதீர்கள், கிட்டப் போய், பெயரையோ முறையையோ சொல்லிக் கவனம் பெற்று, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ நின்று பேசுங்கள். விளங்காவிட்டால் அதே சொல்லை இன்னும் உரத்துச் சொல்வதில் பயனில்லை. வேறு சொல்லால் சொல்லுங்கள். "தட்டை எடுங்கள்" விளங்காதவருக்கு "சாப்பிடக் கோப்பை வேண்டும்" விளங்கும். "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மாவுக்குச் செவிட்டுத்தன்மையை விட அந்தச் சொல்தான் கூட நொந்ததாம். கருவி போட்டு ஆறு மாதத்துக்குப் பிறகு சொன்னார். அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் வசதி தமிழிலும் இருக்கிறது. எங்கள் பேச்சு வழக்கில் அது தடுமாறும், நிறுத்தி எழுத்துத் தமிழில் பேசினால் பிடித்துக்கொள்ளும்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் தொழிலிட எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடந்தான். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவில் தவிலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னால் குழந்தையைத் தோளில் தூக்கிவைத்து நிற்கிறவர்கள் இந்தக் கணக்கை நினைத்து நாலடி தள்ளி நிற்கலாம். பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் கேட்டல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நிச்சயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் காலக்கணக்கு. திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடாத, ஒரு வயதாகியும் பெயருக்குத் திரும்பாத குழந்தையைப் பொரளைக்குக் கொண்டுபோகத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வருடம் ஒரு முறை சோதனை. பழைய ஓடியோகிராம்களை எறிந்துவிடாமல் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் ஒட்டி வையுங்கள். கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கருவியை மாற்றவேண்டுமா, அமைப்பை மட்டும் திருத்தினால் போதுமா என்று நிபுணர் சொல்வார். அம்மாவின் கொப்பியில் நாலு ஒட்டியிருக்கிறது. அந்தச் சிங்களச் சொல் சோதனைத் தாளையும் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன், குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு.